சக்கரம் வைத்த தகர வீடு

கல்யாணமாகித் துபாய்க்கு வந்த ஒன்பதாவது வருடம், லீவுக்கு ஊருக்குப் போவதில்லை என்று நாங்கள் முடிவு செய்தோம். செய்தி அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு பக்கத்துச் சொந்தமும் பதறிவிட்டது. புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறா, கம்பெனியில் பிரச்சனையா, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்களா என்று ஆளாளுக்குப் போன் செய்தார்கள். அதெல்லாம் இல்லை, ஜீப்புக்குப் பின்னால் சக்கரம் வைத்த வீடு ஒன்றை மாட்டி இழுத்துக்கொண்டு, ஓமன் வழியாகச் சலாலா வரைக்கும் போய்வரப் போகிறோம் என்று என் கணவர் உண்மையைச் சொன்னார். அதற்குப் பிறகு போன் செய்தவர்கள் எல்லோரும் என்னிடம் அவருடைய உடம்பைப் பற்றி விசாரித்தார்கள்.

கல்ஃபில் இருப்பவர்களுக்கு லீவு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். வந்தாலும் அது நமக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். போய் இறங்கிய மறுநாளே ஒரு காதுகுத்து, அதற்கடுத்து ஒரு கிரகப்பிரவேசம், நடுவில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லையே என்று யாருக்காவது மனத்தாங்கல். மாமியார் வீட்டில் நாத்தனார் பிள்ளைகளோடு பாய் விரித்துப் படுத்து எழுந்து, திரும்பும்போது விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் காலை நீட்டவே நேரம் கிடைக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எல்லார் பாடும் அதுதான். ஆனால் எனக்குப் போதும் போதும் என்று ஆகியிருந்தது.

துபாயிலாவது தனியாக இருந்தோமா என்றால் அதுவும் இல்லை. கராமாவில் இரண்டு படுக்கையறை உள்ள ஃப்ளாட்டை மூன்று குடும்பங்கள் பங்கு போட்டிருந்தோம். அறைகள் மற்ற இரண்டு குடும்பங்களுக்கு, ஹால் எங்களுக்கு. ஹாலுக்கு ஏது கதவு? குறுக்கே ப்ளைவுட் அடித்து, நுழைகிற இடத்தில் ஒரு துணித் திரையைத் தொங்கவிட்டிருந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள் பாத்ரூமுக்குப் போகும் பாதை. இந்தப் பக்கம் கட்டில், ஃப்ரிட்ஜ், மகளின் புத்தகங்கள், நாங்கள் மூன்று பேர். சமையலறைக்கு முறை உண்டு. என் முறை முடிந்துவிட்டால் குக்கர் இன்னும் ஒரு விசில் விடட்டும் என்று காத்திருக்க முடியாது, தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். சண்டை போடுவதாக இருந்தால்கூடக் கிசுகிசுப்பாகத்தான் போட வேண்டும். எனக்கு இயல்பிலேயே தொண்டை பெரிசு. குசுகுசுவென்று சண்டை போட்டுப் போட்டு நெஞ்சு வலியே வந்துவிடும் போலிருந்தது.

அந்த வருட லீவைப் பற்றிப் பேச்சு வந்தபோது, டிக்கெட் விசாரிக்கட்டுமா என்று அவர் கேட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எங்கிருந்து அவ்வளவு தெளிவு வந்ததென்று தெரியவில்லை.

"எனக்கு ஊரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். ஒரு மாசம், நம்ம மூணு பேரு மட்டும் தெறந்து மூடுற மாதிரி ஒரு கதவு வேணும். அது எங்க இருந்தாலும் சரி," என்றேன்.

அவர் பட்டாணித் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அவர் அல் கூஸில் ஒரு டக்ட் பட்டறையில் ஃபோர்மேன். அந்த வருடங்களில் துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. அவற்றுக்கெல்லாம் ஏசிக் காற்று போகிற தகரக் குழாய்களைச் செய்து அனுப்புவதுதான் அவர்கள் வேலை. அந்த வார வெள்ளிக்கிழமை என்னையும் மகளையும் அல் கூஸுக்கு அழைத்துப்போய், பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்த இரண்டு சக்கர டிரெய்லரைக் காட்டினார். ஏதோ சைட்டில் ஜெனரேட்டர் சுமந்தது. மேலே ஒன்றும் இல்லை, வெறும் சட்டம்தான். "இதுமேல நான் வீடு கட்டித் தர்றேன். இழுக்க வேண்டியது நீதான்," என்றார்.

ஹோட்டலில் தங்கித் தங்கிச் சலாலா வரைக்கும் போக எங்களுக்கு வழியில்லை. குளிர்காலத்தில் அரபுக் குடும்பங்கள் கேரவனை இழுத்துக்கொண்டு போய்ப் பாலைவனத்தில் நாள்கணக்கில் தங்குவதை நாங்களும் பார்த்திருக்கிறோம். அவர்கள் வாங்கினார்கள், நாங்கள் செய்துகொள்வோம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். எனக்கு அந்தச் சட்டத்தைப் பார்த்ததுமே மனதில் கதவு தெரிந்துவிட்டது.

இழுக்க வேண்டியது நான் என்று அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் லைசென்ஸ் என்னிடம்தான் இருந்தது. துபாயில் லைசென்ஸ் வாங்குவது என்ன பாடு என்று வாங்கினவர்களைக் கேட்டால்தான் தெரியும். டெஸ்ட் எடுக்கப் பக்கத்தில் போலீஸ்காரர் வந்து உட்கார்ந்ததும் என் கணவருக்குப் பழகினதெல்லாம் மறந்துவிடும். தோற்றுத் தோற்று, கடைசியில் பஸ் இருக்கும்போது கார் எதற்கு என்று தத்துவம் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் பலமுறை தோற்றவள்தான். ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் எனக்குப் பயம் வராமல் கோபம் வந்தது. பாஸ் என்று சொன்ன அன்று டெஸ்ட் எடுத்த பெண் போலீஸைக் கட்டிப்பிடிக்கப் போனேன், அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். நான் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். ஊரோடு போய்விட்ட ஒரு குடும்பத்திடமிருந்து பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி, அதில்தான் போய்வந்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் வீடு வளர்ந்தது. பட்டறையில் கழித்துப்போட்ட தகரங்களை எடுத்துக்கொள்ள முதலாளி சம்மதம் கொடுத்திருந்தார். என் கணவருக்குத் துணையாகப் புதுக்கோட்டைக்கார வெல்டர் ஒருவர் பக்கத்திலிருந்த தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வருவார். என்னை அண்ணி என்று கூப்பிடுவார். வாயில் பாக்கும் கையில் கிரைண்டருமாக, ஒரு வார்த்தை பேசுவதற்குள் ஒரு பக்கத்தை வெட்டி முடித்திருப்பார். மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. என் கணவருக்குத் தெரிந்த ஒரே உருவம் டக்ட்தான் என்பதால், வீடும் ஒரு பெரிய டக்ட் மாதிரியே எழும்பியது. நான்கு பக்கமும் தகரம், உள்ளே வெள்ளிக் காகிதம் ஒட்டிய பஞ்சு, மூலைக்கு மூலை மடிப்பு. ஏசி வைக்க வசதியில்லை. துபாய் முழுவதற்கும் குளிர்காற்று அனுப்பின மனுஷன் தன் வீட்டுக்கு அனுப்ப முடியாமல், கூரையில் ஒரு வளைந்த குழாயை முன்பக்கம் பார்த்து வைத்தார். வண்டி ஓடினால் காற்று வருமாம். நின்றால் என்று கேட்டேன். "நின்னா கதவத் தெறந்துக்க, கதவுதான கேட்ட," என்றார்.

அந்தக் கதவை வெல்டர் எங்கிருந்தோ கொண்டுவந்தார். இடித்த வில்லா ஒன்றின் நிஜமான மரக்கதவு. பித்தளைத் தாழ்ப்பாள், சாவித்துளை எல்லாம் இருந்தது. எங்கே வைக்கலாம் என்று கேட்டபோது ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. என் கணவர் கையைக் காட்டினார், வெல்டர் தலையை ஆட்டினார், நான் ஆமாம் அங்கேதான் என்றேன். மாட்டி முடித்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன், திறந்தேன், மறுபடியும் போட்டேன். மகள் வெளியிலிருந்து தட்டி, "மம்மி, இட்ஸ் மை டர்ன்," என்று கத்தும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அல் கூஸ் தெருக்களில் லாரிகள் இருக்காது. டிரெய்லரை மாட்டிக்கொண்டு பின்னால் எடுக்க அங்கேதான் பழகினேன். ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் பின்னால் இருப்பது இடது பக்கம் போகும். என் கணவர் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டி வழி சொல்வார். அவர் கையைப் பார்த்து ஓட்டினால் நிச்சயம் ஏதாவது சுவரில் இடிக்கும். கண்ணாடியைப் பார்த்தும் காதை அடைத்துக்கொண்டும் ஓட்டப் பழகினேன். ஒரு மாதத்தில் எனக்குக் கை வந்துவிட்டது.

லீவு வெள்ளிக்கிழமை ஆரம்பம். அதற்கு முந்தைய புதன்கிழமை டிரெய்லரை வண்டிப் பரிசோதனை நிலையத்துக்கு இழுத்துப்போனேன். அங்கே பாஸ் என்று போட்டால்தான் நம்பர் பிளேட் கிடைக்கும், ரோட்டில் எடுத்துப் போகலாம். பரிசோதனை செய்தவர் பெஷாவர்க்காரர். விளக்கு, சக்கரம், கொக்கி எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு வீட்டின் வலது பக்கம் போய் நின்றுகொண்டு மேலும் கீழும் தேடினார்.

"தர்வாஸா கிதர் ஹை, பாய்?" என்று என் கணவரிடம் கேட்டார். கதவு எங்கே என்கிறார்.

என் கணவர் அவரைப் பெருமையோடு இடது பக்கம் அழைத்துப்போய்க் காட்டினார். அவர் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு அடங்கியதும் அவரே இந்தியில் விளக்கினார். உங்கள் ஊரிலும் சரி எங்கள் ஊரிலும் சரி, வண்டி ரோட்டின் இடது பக்கம் ஓடும், அதனால் பஸ்ஸுக்கு இடது பக்கம் கதவு. இங்கே வண்டி ஓடுவது வலது பக்கம். இந்த வீட்டை ரோட்டோரம் நிறுத்திக் கதவைத் திறந்தால் உங்கள் மனைவி நேராக லாரிச் சக்கரத்தில்தான் காலை வைப்பார். கதவை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி, ஃபெயில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வலது பக்கம்தான் கதவு. ஒன்பது வருடமாக அந்தக் கதவு வழியாகத்தான் நானும் ஏறி இறங்கியிருக்கிறேன். வலது பக்கம் ஓட்டித்தான் லைசென்ஸே வாங்கினேன். தகரத்தில் தலைமுடி அளவு பிசகைக் கண்டுபிடிக்கிற மனிதர் என் கணவர். நாங்கள் எல்லோரும் அத்தனை வெள்ளிக்கிழமை அந்தக் கதவு வழியாகப் போய் வந்திருக்கிறோம், ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஆளும் பேருமாகச் சேர்ந்து மனதுக்குள் ஊர் டவுன் பஸ்ஸைத்தான் கட்டியிருக்கிறோம். யோசிக்க யோசிக்க எனக்கு ஆத்திரம் மூக்குக்கு மேல் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. அன்றைக்கு விட்டால் வெள்ளி, சனி பரிசோதனை கிடையாது, அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்குத் தேதியும் கிடையாது. லீவைத் தள்ளிப்போடவும் முடியாது. அவர் திரும்பி வந்த பிறகு போவதற்காக இன்னொரு ஃபோர்மேன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். வியாழக்கிழமைக்குள் இந்த வீடு பாஸாகாவிட்டால், அந்த லீவை நாங்கள் துணித் திரைக்குள்தான் கழிக்க வேண்டும். அடுத்த லீவு இரண்டு வருடம் கழித்து.

பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது டூட்டி முடிகிற நேரம். என் கணவர் ஒரு டக்ட்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கதவை மாற்றுவதென்றால் வலது பக்கம் இருக்கிற அடுப்பு மேடையைக் கழற்ற வேண்டும், அலமாரியைக் கழற்ற வேண்டும், சட்டத்தை வெட்ட வேண்டும், ஒரு வாரத்து வேலை என்றார். பேசாமல் ஊருக்கு டிக்கெட் கிடைக்குமா என்று பார்ப்போம் என்றார். அவர் தளர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கும் அழுகை வந்தது. அழுதால் எனக்குக் குரல் இன்னும் உயரும்.

"நான் திரும்பி அந்தத் திரைக்குள்ள போகமாட்டேன். வெட்டுறீங்களா, இல்ல நானே வெட்டட்டுமா?" என்று கத்தி, பக்கத்தில் கிடந்த கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டேன்.

பட்டறையே நின்றுவிட்டது. கேம்ப் பஸ்ஸில் ஏறப் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெல்டர் மெதுவாக வந்து என் கையிலிருந்த கிரைண்டரை வாங்கிக்கொண்டார்.

"குடுங்க அண்ணி, கை போயிடும். இந்தப் பக்கமும் தகரம், அந்தப் பக்கமும் தகரம். இதுக்குப் போயி எதுக்கு அழுவுறீங்க?" என்றார். பிறகு பஸ்ஸைப் பார்த்து, "யல்லா, நாலு பேரு எறங்குங்கப்பா," என்றார்.

நாலு பேரைத்தான் கேட்டார், பாதி பஸ் இறங்கிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்து, நீங்கள் நடந்தே வாருங்கள் என்று போய்விட்டார். அந்தக் கூட்டம் வேலை செய்ததை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒருவர் அளந்தார், ஒருவர் கோடு போட்டார், இரண்டு பேர் அடுப்பு மேடையை அப்படியே தூக்கி வெளியே வைத்தார்கள். ஒருவர் பிடித்திருக்கும்போதே அடுத்தவர் வெட்டினார். என் கணவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை, நடுவில் நின்று தன் பழைய குரலில் ஏவிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்து மசூதியில் மஃரிப் பாங்கு சொன்னபோது வலது பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. அவர்களுடைய சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் அந்த ஓட்டையில் என் மரக்கதவு நின்றது.

இடது பக்கம் மிச்சமிருந்த ஓட்டையை என்ன செய்வது என்று வெல்டர் கேட்டார். முழுக்க மூடிவிடலாம் என்றார் என் கணவர். வெல்டர் கேட்கவில்லை. கீழ்ப்பாதிக்கு மட்டும் தகரம் அடித்து, மேல்பாதிக்குக் கீல் வைத்து, மேல்நோக்கித் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்துகிற மாதிரி செய்தார். அதன் கீழே அடுப்பு மேடையைக் கொண்டுவந்து வைத்தார். சமைக்கும்போது வெளியே பார்த்துக்கொண்டே சமைக்கலாம் என்றார். கராமா சமையலறைக்கு ஜன்னல் கிடையாது, பக்கத்துக் கட்டடத்துக் குழாய்களைப் பார்த்த ஒரு ஃபேன் ஓட்டைதான் உண்டு. தப்பாக வைத்த கதவு எனக்கு ஒரு ஜன்னலாகத் திரும்பி வந்ததில் நான் வாயடைத்துப்போனேன். அதுவரை என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை என்பதால் என் கணவர் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

மறுநாள் அதே பெஷாவர்க்காரர் வலது பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். நாங்கள் வெளியே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சிறிது நேரத்தில் இடது பக்கத்து ஜன்னல் தூக்கிக்கொண்டது, அவர் தலை வெளியே வந்தது. "ஏக் சாய் மிலேகா?" என்று எங்களிடமே டீ கேட்டார். பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டார். நான் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பட்டறை வாசலிலிருந்து கிளம்பினோம். கேம்ப்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக்கையோடு வழியனுப்ப வந்தார்கள். புது வண்டிக்குப் பூசணிக்காய் உடைக்காமல் அனுப்புவதா என்று வெல்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். சுற்றி உடைத்தார்கள். உடைத்த வேகத்திலேயே இரண்டு பேர் துடைப்பத்தோடு வந்து, முனிசிபாலிட்டிக்காரர்கள் பார்ப்பதற்குள் பெருக்கி எடுத்துவிட்டார்கள். எனக்கு அந்தத் துடைப்பத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அவர்களில் பலர் குடும்பத்தைப் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிடைத்த ஒரு நாள் லீவின் தூக்கத்தை எங்களுக்காக விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

தைத் என்கிற ஊர் வழியாக மசாஃபி மலைக்குப் போகிற ரோட்டில் வண்டி ஓடியது. வேகம் கூடக்கூடப் பின்னால் தகரம் தடதடவென்று சத்தம் போட்டது. எந்த மூலையில் எந்த மடிப்பு சத்தம் போடுகிறது என்று என் கணவர் காதைத் தீட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். மலை ஆரம்பித்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டு முருகனைக் கூப்பிட ஆரம்பித்தார். கல் ஏற்றின லாரிகள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தன. ஜீப்பின் சூட்டு முள் ஏற ஆரம்பித்தது. ஏசியை அணைத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கினேன். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் வால் மாதிரி நீண்டுவிட்டன. ஒரு பெரிய வெள்ளை வண்டி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. முந்தின நாட்களாக இருந்தால் பயந்து ஓரம் கட்டியிருப்பேன். அன்றைக்கு என் முதுகில் வீடே வந்துகொண்டிருந்தது. போகிறவன் போகட்டும் என்று என் பாட்டுக்கு இரண்டாவது கியரில் ஏறினேன்.

உச்சிக்கு வந்து இறக்கம் ஆரம்பித்ததும் சூட்டு முள்ளும் இறங்கியது. நான் என் முழுத் தொண்டையையும் திறந்து ஒரு கத்து கத்தினேன். வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் கத்தல். மகளும் கூடச் சேர்ந்து கத்தினாள். என் கணவர் பழக்க தோஷத்தில் உதட்டில் விரலை வைத்து உஷ் என்றார். யாருக்கு உஷ் என்று கேட்டேன். அவர் வெளியே மலையைப் பார்த்தார், பிறகு அவரும் தயங்கிவிட்டு ஒரு தடவை கத்திப் பார்த்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் குரலை அவ்வளவு சத்தமாக நான் கேட்டதில்லை.

ரோட்டோரத்துச் சந்தையில் பழக்கடையும் கம்பளிக்கடையும் வரிசையாக இருந்த இடத்தில் நிறுத்தினேன். பின்னால் போய் வீட்டைத் திறந்து ஏறி, மகளுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு இறங்கினேன். வலது பக்கம் மண். இடது பக்கம் லாரிகள் சர்சர்ரென்று போயின. அந்தப் பெஷாவர்க்காரர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வாசலுக்குப் போட ஒரு சின்னக் கம்பளி மிதியடியை விலை பேசாமலே வாங்கினேன், அதைப் பார்த்து என் கணவர் மலை ஏறினபோது பயந்ததைவிட அதிகமாகப் பயந்தார்.

அதற்குப் பிறகு அந்த லீவில் நாங்கள் பார்த்தது கொஞ்சமில்லை. மஸ்கட் பார்த்தோம், சூரில் ஆமை பார்த்தோம், சலாலாவில் தென்னை மரத்தையும் வாழைத் தோட்டத்தையும் பார்த்து எங்கே இருக்கிறோம் என்றே மறந்துபோனோம். ஆனால் அந்தப் பயணத்தில் எது பெரிசு என்று என்னைக் கேட்டால், முதல் நாள் மத்தியானம்தான் என்பேன்.

புஜைராவுக்குப் பக்கத்தில், மீன் படகுகள் இழுத்து விட்டிருந்த ஒரு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு அங்கே தங்கிவிட்டு மறுநாள் ஓமன் எல்லையைத் தாண்டுவதாகத் திட்டம். சமையல் ஜன்னல் கடலைப் பார்க்கிற மாதிரி நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. பின்னால் எடுத்தேன். என் கணவர் இறங்கி நின்று வழக்கம்போல் இரண்டு கையையும் ஆட்டினார். அவர் எந்தப் பக்கம் சொல்கிறார் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. ஜீப் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஒன்பது வருடமாகக் குசுகுசுவென்று சொல்லிவந்ததை எல்லாம் உரக்கச் சொல்லித் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார்.

நிறுத்தினேன். கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தோம். மூன்று பேரும் உள்ளே போனோம். நான் ஜன்னலைத் தூக்கி வைத்துக் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். அது இஷ்டத்துக்கு விசில் விட்டது. மணலும் வெயிலுமாக உள்ளே காற்று வந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, நாங்கள் மூன்று பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். பேசலாம் என்று தெரிந்த பிறகு பேச வேண்டும் என்று தோன்றவில்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"வீட்ல யாருங்க?" என்று தமிழில் ஒரு குரல்.

எங்களுக்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான் தோன்றியது. கராமா ஃப்ளாட்டில் மணி அடித்தால் எங்களுக்காக இருக்காது. எங்களைப் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் நானே கீழே இறங்கிப்போய்க் கஃபெட்டேரியா வாசலில் நின்று பேசி அனுப்பிவிடுவேன். திரைக்குள் கூப்பிட்டு எங்கே உட்கார வைப்பது? என் கணவர் எழப் போனார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

கைலி கட்டின, நரைத்த தாடிக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன். ராமநாதபுரத்துப் பக்கம், இங்கே ஒரு அரபி படகில் மீன்பிடிக்கிறேன் என்றார். தமிழ்க்காரர்கள் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீங்க அண்ணன ஏசுனது படகு வரைக்கும் கேட்டுச்சும்மா," என்றார். "எம் பொஞ்சாதி கொரலு மாதிரியே இருந்துச்சு. இப்பப் பிடிச்ச மீனு, கொழம்பு வைங்க." பையை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடக்கப் போனார்.

எனக்கு நாக்கில் இருந்த வார்த்தை வெளியே வரச் சற்று நேரம் பிடித்தது. ஊரில் நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிற வார்த்தைதான். இந்த நாட்டுக்கு வந்து ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"உள்ள வாங்கண்ணே, சாப்பிட்டுட்டுப் போகலாம்," என்றேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். நான் வழியை விட்டு நகர்ந்து நின்றேன். அவர் காலில் ஒட்டிய மணலை உதறி, செருப்பைக் கழற்றி என் வாசலில் விட்டுவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து எங்கள் வீட்டுக்குள் வந்தார்.